கறை இல்லாத ஏழு வாரம்

அந்தச் சலவைக் கூடத்தில் அவளை எல்லோரும் கறையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் அவளுக்குக் கோபம் வராது, பெருமைதான் வரும். அழுக்குத் துணி மூட்டையைப் பிரித்து, எதில் என்ன கறை என்று பார்த்து, பெரிய மெஷினுக்குள் போவதற்கு முன்னால் தொட்டியில் போட்டுத் தேய்த்து எடுப்பது அவள் வேலை. பதினெட்டு வருடமாக அதே தொட்டி, அதே மூலை. ஒரு சட்டையை விரித்து வெளிச்சத்தில் காட்டினால் போதும். இவன் பேனாவை மூடாமல் பையில் செருகியவன், இவள் பஸ்ஸில் நின்றுகொண்டே காபி குடித்தவள், இந்த ஆள் மூக்கில் ரத்தம் வந்ததை வீட்டில் சொல்லாமல் மறைத்தவன் என்று ஜாதகமே எழுதிவிடுவாள். ஆனால் வெளியே மூச்சு விடமாட்டாள். பிறர் துணியில் பார்த்ததைப் பேசக்கூடாது என்பது அங்கே வேலைக்குச் சேருகிற அன்றே சொல்லிவிடுகிற கட்டளை.

அவளுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. ஊரிலேயே பெரிய கால்பந்துக் கிளப்பின் சிவப்பு ஜெர்சிகள் அவள் தொட்டிக்குத்தான் வரும். மூன்று வருடம் தொடர்ந்து கோப்பை வாங்கிய கிளப். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், திங்கட்கிழமை காலை மூட்டை. பிரித்தால் சேறும் புல்லும் வியர்வையுமாக, ஏர் உழுதுவிட்டு வந்த மாதிரி இருக்கும் ஒவ்வொன்றும். கேப்டனுடைய எட்டாம் நம்பர் ஜெர்சியைத் தேய்க்கும்போது தொட்டித் தண்ணீர் பச்சையாகிவிடும். அதைப் பார்த்தால் அவளுக்குச் சாப்பிடாமலே வயிறு நிறையும்.

“இவ்வளவு அழுக்கு பண்றவன் ஜெயிக்காம வேற யாருடி ஜெயிப்பா?” என்று இஸ்திரி மேடைப் பக்கம் பார்த்துச் சொல்வாள்.

இஸ்திரி மேடையில் நின்றவள் அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை. அவள் எதிர் கிளப், நீலக் கட்சி. அதனால் அவளுக்கு நீலி என்று பெயர் வைத்தது கறையக்காதான். கூடம் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் ஒரே வீடு. இவள் கீழே, அவள் மாடியில். நீலியின் புருஷன் கப்பல் வேலைக்கென்று போய் நான்கு வருடம் ஆகிறது. கடிதமும் இல்லை, தகவலும் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகளை அந்த இஸ்திரிப் பெட்டியை வைத்துத்தான் வளர்த்தாள். இது கறையக்காவுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் சண்டைதான். பந்து விஷயத்தில் பாவ புண்ணியம் பார்க்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

முதலில் வம்பை ஆரம்பித்தவள் கறையக்கா. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. சிவப்பு ஜெயித்த மூன்று வருடமும் நீலியை அவள் நிம்மதியாக மாடிப்படி ஏற விட்டதில்லை. படிக்கட்டுக் கைப்பிடி முழுக்கச் சிவப்புத் துணி சுற்றி வைப்பாள். நீலம் தோற்ற மறுநாள் நாத்தனாருக்குத் தேநீர் கொடுத்தனுப்பி, “துக்கம் விசாரிக்க வந்தேன்” என்று பின்னாலேயே போய் நிற்பாள். நீலி பல்லைக் கடித்துக்கொண்டு குடித்தாள். ஒன்றையும் மறக்கவில்லை.

அந்த வருடமும் சிவப்பு நன்றாகத்தான் தொடங்கியது. ஒன்பது ஆட்டம், ஒன்பதும் வெற்றி. பிறகு யார் கண் பட்டதோ, சரிய ஆரம்பித்தது. ஒரு தோல்வி, ஒரு டிரா, மறுபடி தோல்வி, மறுபடி தோல்வி. பட்டியலின் கடைசியில் கிடந்த கிளப்புகள்கூட வந்து உதைத்துவிட்டுப் போயின. நீலிக்குக் காலம் வந்தது.

மதியத்துக்கு மேல் ஓட்டல் படுக்கை விரிப்புகள் காய்ந்து வரும். அதை மடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து விரிப்பை உதறி, எதிரெதிராக நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி பின்னால் போக வேண்டும். கூடத்தில் ஒரே உயரத்தில் இருந்தவர்கள் இந்த இருவர்தான். வேறு யாரோடு மடித்தாலும் ஓரம் ஒத்துவராது. ஆகவே எவ்வளவு பகை இருந்தாலும் நாள்தோறும் இருநூறு தடவை மூக்கோடு மூக்கு வந்து நின்றாக வேண்டும். அப்படி நெருங்குகிற நேரத்தில்தான் குத்து விழும்.

“என்ன அண்ணி, நேத்து உங்க சிங்கங்களுக்கு கோல் போஸ்ட் எந்தப் பக்கம்னு மறந்துபோச்சா?”

“நடுவர் குருடு. ரெண்டு பெனால்டி தரல.”

பின்னால் போய், உதறி, முன்னால் வந்தார்கள்.

“அஞ்சு வாரமா குருடா? அஞ்சு ஆட்டத்துக்கு அஞ்சு நடுவர், அஞ்சு பேரும் குருடா? கண்ணாஸ்பத்திரியிலருந்து ஆள் புடிச்சிட்டு வராங்களா?”

“புதுப் புல்லு போட்டிருக்காங்க. வழுக்குது.”

“எதிராளிக்கு மட்டும் வழுக்கலையாக்கும். அவன் என்ன, பல்லியா?”

“வாயை அளந்து பேசு. இடது பக்கம் ஓடுற பையனை வித்துட்டாங்க. அதான் கோளாறு.”

“அவனை வித்த பிறகுதானே ஒன்பது ஆட்டம் ஜெயிச்சீங்க? அப்ப அவன் ஞாபகம் வரலையா?”

அழுக்கு மூட்டை இறக்க வந்த வண்டிக்காரர் கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தார். அவர் மூன்று வருடம் சிவப்புத் தொப்பி போட்டவர். நான்காவது தோல்விக்குப் பிறகு தொப்பியைக் காணோம். கேட்டால் தலை அரிக்கிறது என்பார்.

“கோச்சுதான் கெடுத்தான்,” என்றாள் கறையக்கா. “பின்னாடி நாலு பேர் நின்ன இடத்துல மூணு பேரை நிறுத்துறான். பைத்தியக்காரன்.”

“மூணு பேரோ முப்பது பேரோ, நின்னு வேடிக்கை பாத்தா என்ன ஆகும்?” நீலி முனையை அவள் கையில் திணித்தாள். “ஓடணும் அண்ணி. கோப்பை வாங்கி வாங்கி உடம்பு நோக வேணாம்னு ஆயிடுச்சு. உங்க ஆளுங்க ஓடல. அவ்வளவுதான் விஷயம்.”

“ஓடலன்னு நீ கண்டியா?” என்று கறையக்கா போட்ட சத்தத்தில் மெஷின் சத்தமே அடங்கிய மாதிரி இருந்தது.

அவ்வளவு கோபம் ஏன் வந்தது? நீலி காணவில்லை. கறையக்கா கண்டிருந்தாள்.

முதல் தோல்விக்கு மறுநாள் மூட்டையைப் பிரித்தபோதே அவளுக்குத் திக்கென்றது. ஜெர்சிகளில் ஒன்றுமே இல்லை. முதுகில் உப்புப் படிந்த கோடு இல்லை, முழங்கையில் புல் இல்லை. எட்டாம் நம்பர் ஜெர்சியில் போன வாரம் இஸ்திரி மேடையில் விழுந்த மடிப்புக்கோடு அப்படியே தெரிந்தது. வெயில் நாள், தரை காய்ந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். மூன்றாவது வாரம் ஆட்டம் முழுவதும் மழை கொட்டியது. அந்த மூட்டையில் கோல்கீப்பருடையதும், புதிதாக வந்த ஒரு பையனுடையதும் சேறாக இருந்தன. மற்றவை நனைந்திருந்தன, அழுக்காகவில்லை. மழையில் கொடியில் மறந்துவிட்ட துணிபோல இருந்தன. கறையக்கா அவற்றை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டாள். பெற்ற பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் ஊர் சுற்றியதைக் கண்டுபிடித்தவள் போல இருந்தது அவளுக்கு.

அன்றைக்கு நீலி தொட்டிப் பக்கம் வந்து, கறை எடுக்கிற மருந்து இருந்த கேனைக் காலால் லேசாகத் தட்டினாள். வழக்கமாகச் சிவப்பு மூட்டை வந்தால் பாதிக் கேன் காலியாகிவிடும்.

“என்ன அண்ணி, கேன் தளும்பத் தளும்ப நிக்குது? சிவப்புச் சட்டைக்கு இந்த வாரம் மருந்தே தேவைப்படலையா?”

“இனிமேதான் போடப்போறேன். உன் வேலையைப் பாரு.”

சொன்னதோடு நிற்கவில்லை. பாதிக் கேனைத் தொட்டியில் ஊற்றினாள். கறை இல்லாத ஜெர்சிகளை அதில் முக்கி, முரட்டுப் பிரஷ்ஷை எடுத்து, நம்பர் மேலும் முதுகு மேலும் போட்டுத் தேய்த்தாள். நீலி கேட்கிற மாதிரி சத்தமாகத் தேய்த்தாள். அந்த மருந்துக்குத் தின்ன அழுக்கு வேண்டும். அழுக்கு இருந்தால் அதைத் தின்றுவிட்டு அடங்கிவிடும். இல்லாவிட்டால் துணியில் நம்பரை ஒட்டியிருக்கிற பசையைத் தின்னும். பதினெட்டு வருட அனுபவக்காரிக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். அந்த நேரத்தில் அவள் தேய்த்தது துணியை அல்லவே. நீலியின் வாயை. அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் அப்படியே ஊற்றினாள், அப்படியே தேய்த்தாள்.

ஏழாவது வாரம் சிவப்புக்கும் நீலத்துக்கும் ஆட்டம். ஞாயிறு பிற்பகல் கீழ்வீட்டுக் கூடத்தில் டிவி. ஒரு பக்கம் கறையக்கா, மறுபக்கம் நீலி, நடுவில் கறையக்காவின் கணவர். அவருக்கு எந்தக் கட்சியும் கிடையாது. உயிர்மேல் ஆசை உண்டு. அதனால் நடுவில் உட்கார்ந்தார்.

முதல் அரைமணிக்குள் நீலம் இரண்டு கோல் போட்டது. நீலி ஒவ்வொரு கோலுக்கும் எழுந்து அண்ணி முகத்துக்கு நேராகப் போய்க் கை தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு அது நடந்தது. கேப்டன் பந்துக்காகத் திரும்பியபோது அவன் முதுகில் எட்டின் மேல்பாதி உரிந்து, நனைந்த சுவரொட்டி மாதிரி தொங்கியது. இன்னொருத்தன் முதுகில் பதினொன்றில் ஓர் ஒன்று விழுந்துபோய், கோல்கீப்பரோடு சேர்த்து இரண்டு ஒன்றாம் நம்பர் ஆனார்கள். நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். மைதானத்தில் பாதிப் பேர் எழுந்து நின்று, “நம்பர் எங்கே? நம்பர் எங்கே?” என்று பாட்டுப் பாடினார்கள்.

நீலி தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. “அய்யோ அண்ணி, தோல்தான் உரிப்பாங்கன்னு நெனச்சேன், நம்பரையும் உரிச்சிட்டாங்களே!”

கணவர்தான் மெதுவாகச் சொன்னார். “அந்தச் சட்டையெல்லாம் உன் இஸ்திரி மேடையிலருந்து போனதுதானேம்மா?”

நீலியின் சிரிப்பு பாதியில் நின்றது. சூடு கூடிப்போனால் நம்பர் உரியும் என்பது கூடத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கறையக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஆட்டம் நான்குக்குப் பூஜ்யம் என்று முடிந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை கிளப்பிலிருந்து முதலாளியம்மாவுக்குப் போன் வந்தது. அரைமணி நேரம் நின்றபடியே கேட்டுக்கொண்டார். வைத்த பிறகு கதவைத் திறந்து நீலியைக் கூப்பிட்டார்.

“சூடு எவ்வளவு வெச்ச?”

“எப்பவும் வெக்கிறதுதாம்மா. நம்பர் மேல துணி விரிச்சுத்தான் தேச்சேன். சத்தியமா.”

“நாலு வருஷமா உரியாத நம்பர், சரியா உங்க கிளப்போட ஆடுற அன்னைக்கு உரியுமா? யார்கிட்ட கதை விடுற?”

வண்டிக்காரர் வாசலில் இருந்தே எண்ணெய் ஊற்றினார். “எதிரிக் கட்சிக்காரி கையில இஸ்திரிப் பெட்டியைக் குடுத்தா வேற என்னம்மா நடக்கும்? நேத்து தெரு முழுக்கக் கேட்டுச்சு இவ சிரிச்சது.”

“தொப்பியைக் கழட்டினவனெல்லாம் பேச வந்துட்டான்,” என்று நீலி அவர்மேல் பாய்ந்தாள். முதலாளியம்மா, இன்றோடு நின்றுகொள், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கறையக்கா தொட்டியை விட்டு நகரவில்லை. எல்லாம் காதில் விழுந்தது. ஒரு வார்த்தை சொன்னால் நீலியின் வேலை தப்பும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கறை இல்லாத துணிக்கு எதற்கு மருந்து என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் தன் வாயாலேயே, அதுவும் அந்த நீலி நிற்கிற இடத்தில், சிவப்பைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அது நாக்கு வரைக்கும் வந்தது, திரும்பிப் போனது. உள்ளே ஒரு மூலையில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. ஏழு வாரமாக வாய் ஓயாதவள் இன்று வாயடைத்து நிற்கிறாள் அல்லவா. நல்ல மனுஷிதான், ஆனால் அந்தச் சந்தோஷம் இருந்தது. அரைநாள் இருந்தது.

மதியம் விரிப்புகள் வந்தன. வேலை முடியும்வரை வேலை வேலைதான் என்று நீலி வந்து முனையைப் பிடித்தாள். நெருங்கி வந்தபோது குத்தவில்லை. பத்தாவது விரிப்பில் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“உங்களுக்கு நல்லதா போச்சு அண்ணி. நடுவரு, புல்லு, கோச்சு எல்லாம் சொல்லித் தீர்ந்துபோச்சு. இனிமே நம்பர் உரிஞ்சதாலதான் தோத்தோம்னு சொல்லிக்கலாம். என் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க. ஒரு சப்பைக்கட்டுக்கு ஆச்சு.”

கறையக்கா விரிப்பைக் கீழே போட்டாள். சுத்தமான விரிப்பைத் தரையில் போட்டது பதினெட்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. நேராக முதலாளியம்மா அறைக்குப் போய்க் கதவைத் தட்டாமல் திறந்தாள்.

“நம்பரை உரிச்சது இவ இல்ல. நான்தான்.”

“நீயா? உனக்கென்ன கேடு?”

“கறை மருந்தை அளவுக்கு மேல ஊத்தித் தேச்சேன். நாலு வாரமா. பசை இத்துப்போச்சு.”

“அவ்வளவு கறையா இருந்துச்சு?”

அறை வாசலில் நீலி. அவளுக்குப் பின்னால் வண்டிக்காரர். கறையக்கா அவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“கறையே இல்லம்மா. ஏழு வாரமா இல்ல. ரெண்டு பேரைத் தவிர ஒருத்தன் சட்டையிலயும் ஒரு புல்லுத் துணுக்கு இல்ல. மழையிலகூட ஒருத்தனும் கீழ விழல. வெளிய தெரியக்கூடாதுன்னு தேச்சேன்.”

நீலிதான் முதலில் பேசினாள். பேசாமல் இருந்தால் அவள் நீலி இல்லையே.

“இதைத்தானே நான் ஏழு வாரமா கத்திட்டிருக்கேன்! ஓடல, ஓடலன்னு!”

“நீ பாத்துச் சொல்லல. வயித்தெரிச்சல்ல சொன்ன. நான் பாத்துச் சொல்றேன். ரெண்டும் ஒண்ணு இல்ல.”

“இப்பவும் திமிரைப் பாரு!”

முதலாளியம்மா இருவரையும் அதட்டிவிட்டுப் போனை எடுத்து, கிளப்பில் ஜெர்சிகளுக்குப் பொறுப்பான ஆளைக் கூப்பிட்டு, கறையக்காவின் கையில் கொடுத்தார். நீயே சொல் என்றார். கறையக்கா முதலிலிருந்து சொன்னாள். மறுமுனையில் இருந்தது வயதான குரல்.

“யார் யார் சட்டை சுத்தமா இருந்துச்சு? நம்பரைச் சொல்லும்மா.”

“அதைச் சொல்லமாட்டேன். பிறர் துணியில பாத்ததைப் பேசக்கூடாதுன்னு இங்க கட்டளை. பாதி மீறிட்டேன், மீதியை மீற மாட்டேன்.” போனை மறு காதுக்கு மாற்றி, “ஆமா, மூட்டை கட்டி அனுப்புறது நீங்கதானே? ஒவ்வொரு சட்டையும் உங்க கையைத் தாண்டித்தானே வருது? உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டாள்.

மறுமுனையில் கதவு ஒன்று சாத்தப்படுகிற சத்தம் கேட்டது.

“தெரியும்,” என்றார் அந்த ஆள். “முப்பது வருஷமா இங்க இருக்கேம்மா. யார்கிட்டன்னு சொல்றது?”

போன் வைக்கப்பட்டது. நீலியின் வேலை தப்பியது. சிவப்பு மூட்டை நின்றுபோயிற்று. கிளப் வேறு கூடத்தைப் பார்த்துக்கொண்டது. கறையக்காவை ஒரு வாரம் வீட்டில் இரு என்றார் முதலாளியம்மா. அன்று வீட்டுக்குப் போகிற வழியில் நீலி நான்கடி முன்னால் நடந்தாள். தெருமுனையில் நின்று, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

“எதுக்குச் சொன்னீங்க? நான் கேட்டேனா உங்ககிட்ட?”

“உனக்காகன்னு நெனச்சுக்காத. தோத்ததுக்கு உன்னைக் காரணம்னு ஊர் பேசினா, அவனுங்க செஞ்சது மறைஞ்சு போயிடும். உனக்கு அவ்வளவு பெருமையை நான் தரமாட்டேன்.”

“நல்லவேளை. நன்றி சொல்லணுமோன்னு பயந்துட்டேன்,” என்று சொல்லிவிட்டு நீலி மாடிப்படி ஏறினாள்.

கறையக்கா வேலைக்குத் திரும்புவதற்கு முந்தைய ஞாயிறு சிவப்பு ஜெயித்தது. இரண்டு கோல். அவள் டிவிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருத்தன் முழங்காலையும் முழங்கையையும் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். திரையில் எல்லாமே சிவப்பாகத்தான் தெரிந்தது.

மறுநாள் மதியம் விரிப்பை உதறி முன்னால் வந்தபோது முதல் குத்து அவளுடையது.

“பாத்தியாடி? எப்படி ஓடினாங்க பாத்தியா?”

நீலி முனையைச் சேர்த்து, மூக்குக்கு நேராக நின்று, நிதானமாகக் கேட்டாள்.

“ஓடினாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? மூட்டை வந்துச்சா?”

“டிவியில பாத்தேன்.”

“டிவியில நானும்தான் பாத்தேன். எனக்கு ஓடின மாதிரி தெரியல.”

கறையக்கா இரண்டடி பின்னால் போய் விரிப்பை உதறினாள். வேண்டுமென்றே, நீலியின் கையிலிருந்து முனை பிடுங்கிக்கொள்கிற வேகத்தில் உதறினாள். நீலி விடவில்லை.